நீ வாசித்த மூன்று வரிகள்

என் பிரியமுள்ள தங்கச்சி ஞானப்பூவுக்கு,

உனக்கு அநியாயம் நடந்தது. முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதற்குப் போவேன். வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம், பாளையங்கோட்டையில் நாம் இருவரும் வேலை பார்த்த அச்சாபீஸில், ஒரு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் மூன்று வரிகள் விடுபட்டுப் போயின. நீ அவற்றை வாசிக்காமல் தாண்டிவிட்டாய் என்று சொல்லி உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஆபீஸ் புஸ்தகத்தில் உன் பெயருக்கு நேரே, "வாசிப்பவளின் கவனக்குறைவு" என்று எழுதி வைத்தார்கள். அது பொய். நீ மூன்று வரிகளையும் வாசித்தாய். அதற்கு நான் சாட்சி.

அந்தப் பொய்யை முதலில் சொன்னவனும் நானே.

இதை உன் கல்லறையில் நின்று உனக்கு மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். ஆனால் உன்னை நான் குற்றம் சொன்னது பத்துப் பேர் முன்னால். ஆகையால் இதையும் நம் சபையார் நடத்தும் மாதப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஐரோப்பாவில் நடக்கும் சண்டையால் காகிதத்துக்குத் தட்டுப்பாடு, சுருக்கமாக எழுதுங்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். சுருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு நம் வேலை தெரியாது. உனக்குத் தெரிந்ததையே அவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். புத்தகம் எழுதியவரின் கையெழுத்துப் பிரதி உன் கையில் இருக்கும். அதைப் பார்த்து அச்சுக்கோத்து எடுத்த புரூப் தாள் என் முன்னால் இருக்கும். நீ உரக்க வாசிப்பாய். நான் உன் குரலைக் காதில் வாங்கிக்கொண்டு, தாளில் அதே சொல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போவேன். புள்ளி வந்தால் "புள்ளி" என்பாய், பத்தி முடிந்தால் "பத்தி" என்பாய். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் தாள் இயந்திரத்துக்குப் போகும்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாசிக்கிறவர் உணர்ச்சி காட்டி வாசிக்கக் கூடாது. நீ வேலைக்கு வந்த முதல் நாளே, அச்சுக்கோப்பவர்களுக்கு மேலாளாக இருந்த போர்மேன் சாலமோன் அண்ணாச்சி சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

"தாயி, நீ பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன பிள்ளைன்னு கேள்விப்பட்டேன். இங்கன அந்தச் சோலி வேண்டாம். சரக்குச் சீட்டு வாசிக்க மாதிரி வாசி. ருசியா வாசிச்சன்னா உங்க அண்ணன் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருப்பான். பிழைய யாரு பாப்பா?"

"எங்க அண்ணனா? அவுக கண்ணாடிக்குள்ள இருந்து படிச்ச ஆளுல்லா" என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ சொன்னது உண்மை. உன்னைப்போல நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஈய எழுத்துக் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிய எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்டு, அப்படியே எழுத்துக் கற்றவன். ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும். நேரான தமிழைவிட எனக்கு மாறிய தமிழ் முதலில் வந்தது. அதனால் என் கண்ணைப் பற்றி எனக்குப் பெரிய எண்ணம். கால் ஒடிந்த எழுத்தைக் கை நீட்டும் தூரத்திலிருந்து காட்டுவேன். என் கண் பொய் சொல்லாது என்று சொல்லிச் சொல்லி, அதையே என் குணம் ஆக்கிக்கொண்டேன்.

அந்தப் புத்தகம் ஒரு பென்ஷன் வாங்கிய பள்ளி ஆசிரியர் எழுதியது. பொதிகை மலை அடிவாரத்திலிருந்து ஆற்றங்கரையோடு நடந்து, ஆறு கடலில் சேரும் புன்னக்காயல் வரை போனவர். வழியில் பார்த்த மடை, தோணித்துறை, கோயில், தர்கா, சந்தை, மனிதர் பேச்சு எல்லாவற்றையும் எழுதியிருந்தார். இருபது நாள் நீ அதை எனக்குச் சரக்குச் சீட்டுப் போலவே வாசித்தாய். நானும் சரக்குப் போலவே சரிபார்த்தேன். இருபது நாள் அந்த மனிதர் நம் பக்கத்திலேயே நடந்தும், அவரை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கடைசி அதிகாரத்தன்று மத்தியானம் நல்ல வெயில். பக்கத்து அறையில் இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது. நீ வாசித்துக்கொண்டே வந்தாய். ஓர் இடத்தில் "புள்ளி" என்று சொல்ல மறந்தாய். அடுத்த வாக்கியத்திலும் மறந்தாய். நான் தலை நிமிரவில்லை, என் விரல் தாளின்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது. பிறகு நீ சட்டென்று நின்றாய்.

"என்னட்டி, நின்னுட்ட?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணே. தொண்ட வறண்டுட்டு." செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாய். பிறகு, "அண்ணே, நாம ஒரு நாளு அங்கன போயிட்டு வருவமா?" என்றாய்.

"எங்கன?"

"புன்னக்காயலுக்கு. நான் கடலப் பாத்ததே இல்ல."

"சோலியப் பாரு பிள்ள" என்றேன். வாசித்து முடித்தோம். இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

புத்தகம் கட்டி முடிந்த பிறகு ஆசிரியரிடமிருந்து கடுதாசி வந்தது. கடைசி அதிகாரத்தில், தான் எழுதிய மூன்று வரிகள் அச்சில் இல்லை, அவை இல்லாவிட்டால் தான் அவ்வளவு தூரம் நடந்ததற்கே அர்த்தமில்லை என்று எழுதியிருந்தார். மானேஜர் நம்மையும் மற்ற வேலைக்காரர்களையும் தம் அறைக்கு அழைத்தார். அச்சுக்கோத்தவர் விட்டது முதல் பிழை. அதைப் பிடிக்க வேண்டிய நாம் ஏன் பிடிக்கவில்லை என்பதுதான் கேள்வி. ஒன்று நீ வாசிக்காமல் தாண்டியிருக்க வேண்டும். அல்லது நீ வாசித்தும் நான் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்.

"நான் வாசிச்சேன் ஐயா" என்றாய் நீ. என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க கேட்டியளா இல்லியா?" என்றாய்.

நான் யோசிக்கவே இல்லை. "கேக்கல. அந்தத் தாள்ல ஒவ்வொரு வரியையும் விரல வச்சுப் பாத்தேன். என் கண்ணு பொய் சொல்லாது. அங்கன வந்து நீ நின்ன. தண்ணி குடிச்ச. திரும்ப எடுக்கையில இடம் மாறிப் போச்சு" என்றேன்.

மானேஜர் உடனே ஒத்துக்கொண்டார். "பார்த்தவர் பார்த்ததற்குத் தாள் இருக்கிறது. வாசித்தவர் வாசித்ததற்கு என்ன இருக்கிறது? காற்றோடு போயிற்று" என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஏதோ நினைவுக்குக் கொண்டுவரப் போகிறேன் என்று காத்திருப்பவள் போலப் பார்த்தாய்.

நீ போனாய். விடுபட்ட வரிகளைச் சாலமோன் அண்ணாச்சியே கோத்து, அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப அச்சடித்து, பழையதைக் கிழித்துவிட்டு ஒட்டினார். என்னை அதைத் தொட விடவில்லை. நானும் அந்தப் புத்தகத்தை இனிக் கையால் தொடுவதில்லை என்று சொன்னேன். சொன்னால் செய்கிறவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஏழு வருஷம் தொடவில்லை. இதைக் கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போவதற்கு இது அவசியம். கையெழுத்துப் பிரதி எந்நாளும் உன் கையில்தான் இருந்தது. நான் பார்த்த தாளில் அந்த மூன்று வரிகள் இல்லை. திருத்திய தாளை நான் பார்த்ததில்லை.

நீ போன வாரமே புதுச் சட்டம் வந்தது. இனி வாசிப்பவர் தேவையில்லை. ஒரே ஆள் பிரதியை இடப்பக்கமும் புரூப்பை வலப்பக்கமும் வைத்துக் கண்ணால் ஒப்பிட வேண்டும். வாய் அசையக் கூடாது. காதால் கேட்கிறவன் கவனம் சிதறுகிறவன், கண்ணால் படிக்கிறவன் கவனமுள்ளவன் என்று மானேஜர் எல்லோருக்கும் விளக்கினார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கு நேர்ந்ததை யாரிடமும் சொன்னதில்லை. கண் வரியின் முடிவுவரை போகும், திரும்பி அடுத்த வரிக்கு வரும், ஆனால் நான் கூடப் போயிருக்க மாட்டேன். ஒரு பக்கம் முழுதும் பார்த்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, அதில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. மனம் அந்நேரம் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும். பக்கம் எங்கும் போய்விடாது, திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அது. உன் குரல் அப்படி இல்லை. ஒரு சொல்லைத் தவறவிட்டால் அது போனதுதான். அந்தப் பயமே என்னை உன் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தது என்பது நீ போன பிறகுதான் புரிந்தது. வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தேன். "ஓய், தேனீ வளக்கீரா?" என்று அடுத்த மேஜைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

புரிந்ததே, உன்னை வந்து பார்த்தேனா? இல்லை. ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து ஊரில் நீ பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மூன்று கிறிஸ்துமஸுக்குக் கடுதாசி போட்டாய். நான் பதில் போடவில்லை. காய்ச்சலில் நீ இறந்தாய் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் அந்த ஊரில் கால் வைத்தேன்.

அங்கே நான் பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்து, பனையோலைப் பெட்டி முடைகிற பெண்கள் சிலர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அன்னத்தாய் என்பவள்தான் பேசினாள்.

"அச்சாபீஸ் அண்ணாச்சி நீங்கதானா? வாத்தியாரம்மா ரொம்பச் சொல்லுவாவ."

"என்ன சொல்லுவா?"

"எங்க அண்ணனுக்குக் கழுகுக் கண்ணுன்னு சொல்லுவாவ."

நீ அவர்களுக்குத் தினமும் சாயங்காலம், அவர்கள் முடையும்போது, புத்தகம் வாசித்துக் காட்டியதாகச் சொன்னார்கள். "உங்களுக்கெல்லாம் எழுத்துத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எழுத்தா? கையில ஓல இருக்கையில எழுத்த எங்கன வச்சுப் படிக்க, தலையிலயா?" என்றாள். எல்லோரும் சாவு வீடு என்பதையும் மறந்து சிரித்தார்கள்.

"கையில் வேலை இருக்கும்போது கேட்பது மனதில் நிற்குமா?" என்றேன்.

"கை சும்மா இருந்தாத்தான் அண்ணாச்சி, மனசு ஊரு சுத்தும். கையக் கட்டிப் போட்டாச்சுன்னா காது எங்க போவும்?"

அருகில் இருந்த ஒரு கிழவி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஏளா, எல்லாத்துக்கும் அப்பிடிச் சொல்லாத. பழகுன பெட்டின்னா சரி. புது மாதிரிப் பூவேல எடுத்து முடைஞ்சம்னா ஓலைய எண்ணணும்லா? எண்ணுகையில காதுல ஒண்ணும் ஏறாது. வாத்தியாரம்மாவுக்கு அது தெரியும். எங்க விரலப் பாத்துக்கிட்டே இருப்பாவ. எண்ண ஆரம்பிச்சா நிறுத்திருவாவ. எண்ணி முடிச்சதும், ஒரு வரி பின்ன போயி எடுப்பாவ."

பிறகு அவர்கள் நீ வாசித்ததைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். நாம் பார்த்த அந்தப் புத்தகம் அல்ல, வேறொரு கதை; அதில் ஓர் அதிகாரம் முழுதும் வந்தது, ஞானப்பூ. இடையிடையே நீ மூச்சு விட்ட இடம்கூட வந்தது. நான் என் ஆயுசில் எத்தனை ஆயிரம் பக்கம் பார்த்திருப்பேன்? அதில் ஒரு பக்கத்தை என்னால் அப்படித் திரும்பச் சொல்ல முடியுமா? முடியாது என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்த எண்ணம் தவறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

இந்த வருஷம் பங்குனியில் சாலமோன் அண்ணாச்சி என்னைப் புன்னக்காயலுக்கு அழைத்தார். அவர் மகனுக்கு அங்கே உப்பு ஆபீஸில் வேலை. அவரும் நானும் இப்போது வேலையை விட்டு ஓய்ந்தவர்கள். மாட்டு வண்டியில் போய்ச் சேர்ந்து, காலையில் ஆற்றுமுகத்துக்கு நடந்தோம். பரதவர்கள் தோணியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு அகலமாக, அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கடலேற்றம் தொடங்கியது. ஆற்றின் மேலே மிதந்த ஒரு தென்னை மட்டை கடலை நோக்கிப் போவதை நிறுத்தியது. நின்றது. பிறகு மெதுவாக மேற்கே, ஊரை நோக்கி நகர்ந்தது.

நான் வாய் திறந்து சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

"இங்கே ஆறு கடலிடம் போவதில்லை. போகப் பயந்தது போல நின்றுவிடுகிறது. கடல் கரையேறி வந்து, கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது."

சாலமோன் அண்ணாச்சி நின்றுவிட்டார். "என்ன சொன்னீரு? திரும்பச் சொல்லும்."

திரும்பச் சொன்னேன்.

"அத எங்க வே படிச்சீரு?"

"படிக்கல. எங்கயோ கேட்டது."

"எங்கன கேட்டீரு? யாருகிட்ட?"

"தெரியல அண்ணாச்சி. வாயில வந்துது."

அவர் தம் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டார். "மாசிலாமணி, அந்த மூணு வரிதாம்வே அது. எழுத்து எழுத்தா நான் கோத்தது. என் விரலுக்கு மறக்குமா? நீரு அந்தத் தாளத் தொடவே இல்லியே!"

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சொன்ன வார்த்தைகளை என் காதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அது என் குரல் இல்லை, ஞானப்பூ. "நின்றுவிடுகிறது" என்பதில் நீ குரலை இறக்கியது, "கையைப் பிடித்து" என்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விட்டது, "புள்ளி" சொல்லாமல் விட்டது, எல்லாம் இருந்தன. பக்கத்து அறை இயந்திரத்தின் இடிகூடப் பின்னால் கேட்டது.

நீ வாசித்தாய். நான் கேட்டேன். எவ்வளவு முழுசாகக் கேட்டேன் என்றால், என் கண் தாளில் அந்த வரிகள் இல்லை என்பதையே காணவில்லை. விரல் நகர்ந்தது, கண் நகர்ந்தது, ஆனால் நான் பார்த்தது தாளை அல்ல. நீ எனக்கு ஆற்றையும் கடலையும் காட்டிக்கொண்டிருந்தாய், நான் அங்கே இருந்தேன். பிறகு நீ நின்றதற்குக் காரணம் இடம் தவறியது அல்ல. அந்த வரிகள் என்னை எங்கே கொண்டு நிறுத்தினவோ அங்கேதான் நீயும் நின்றாய். அந்த நிறுத்தத்தைத்தான் நான் உனக்கு எதிரான சாட்சி ஆக்கினேன்.

காற்றோடு போயிற்று என்றாரே மானேஜர், அது எங்கே போயிற்று? ஏழு வருஷம் எனக்குள் எந்த அறையில் இருந்தது? எனக்குத் தெரியாமல் என்னிடமே இருந்ததை, மிதந்துபோகும் ஒரு மட்டை எப்படி வெளியே இழுத்தது? கண்ணால் பார்த்த ஆயிரம் பக்கங்கள் எங்கே போயின? இந்தக் கேள்விகளோடு இப்போது காலையில் எழுகிறேன், பதில் இல்லாமலே படுக்கிறேன். நாம் ஆராதனையில் தலை குனிவோமே, அப்படித்தான் தலை குனியத் தோன்றுகிறது. ஒரு குரல் ஒரு மனிதனுக்குள் இத்தனை வருஷம் பத்திரமாக இருக்குமானால், நாம் என்ன மாதிரிப் படைப்பு?

ஊருக்கு வந்ததும் சாலமோன் அண்ணாச்சி வீட்டில் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். என் சொல்லை நான் மீறியது அதுவே முதல் தடவை. ஒட்டிய தாளில் மூன்று வரிகளும் இருந்தன. ஓர் எழுத்தும் மாறவில்லை.

மறுநாளே அச்சாபீஸுக்குப் போனேன். பழைய மானேஜர் இப்போது இல்லை. புதியவர் நம் ஊர்க்காரர், வயது குறைவு. எல்லாம் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீரே சொல்லுதீரு, கேட்டுக்கிட்டு இருந்ததால பாக்கலன்னு. அதுக்குப் பேரு தூக்கம்லா?" என்றார்.

"தூங்குனவனுக்கு ஏழு வருஷம் கழிச்சு எழுத்துப் பிசகாம ஞாபகம் வருமா?"

"கேக்கது எப்பவும் அரைகுறைதான் வே. டவுன்ல பாட்டுப் பெட்டி வச்சிருக்கான் பாத்தீரா? பெட்டி பாட்டுக்குப் பாடுது, நம்மாளு பாட்டுக்கு வெத்தல போடுதான், வெல பேசுதான். எவன் கேக்கான்?"

அந்தப் பெட்டியை உனக்குத் தெரியாது. கறுப்புத் தட்டு ஒன்று சுழல்கிறது. ஊமத்தம்பூப் போன்ற ஒரு குழலிலிருந்து மனிதக் குரல் வருகிறது. அவர் சொன்னது உண்மையா என்று பார்க்கத் திருநெல்வேலி டவுனுக்கு நடந்தே போனேன். பாதி உண்மை. பேசிக்கொண்டும் கேட்டார்கள். ஆனால் கவனமாகக் கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் குழலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் கண்ணுக்கு நிற்க ஓரிடம் வேண்டியிருக்கிறது. உன் குரலை ஒரு தட்டில் பிடித்து வைத்திருக்கலாமே என்று என் நெஞ்சு துடித்தது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி யார் விரலையும் பார்த்து நிறுத்தவில்லை. யாருக்காகவும் ஒரு வரி பின்னால் போகவில்லை. நீ போவாயாமே.

திரும்பவும் மானேஜரிடம் போனேன். அவர் நல்லவர்தான், சலித்துப்போய் ஒரு வழி சொன்னார்.

"சரி, உம்ம தங்கச்சி பேர அடிச்சிருதேன். 'பார்ப்பவரின் கவனக்குறைவு'ன்னு உம்ம பேரப் போட்டுருதேன். கையெழுத்துப் போடும்."

நான் போடவில்லை. "அது கவனக்குறைவு இல்ல. என் ஆயுசுல நான் அத்தன கவனமா எதையும் கேட்டதில்ல. அப்படி எழுதக் கூடாது" என்றேன்.

"அப்ப என்னதான் எழுதச் சொல்லுதீரு?"

"நடந்தத எழுதும்."

"இது ஆபீஸ் புஸ்தகம் வே! உம்ம கத எழுதவா வச்சிருக்கோம்? பைய வீட்டுக்குப் போய்ச் சேரும்." புஸ்தகத்தை மூடிவிட்டார்.

வாய்க்கால் பாலம் வரை வீறாப்பாகவே நடந்தேன். அங்கே வந்தபோதுதான் உறைத்தது. என்னைப் பற்றிய ஒரு சொல் சரியாக இல்லை என்பதற்காக, உன் பெயரை இரண்டாம் முறையும் அந்தப் பழியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். முதல் தடவை என் கண்ணின் பெருமை. இரண்டாம் தடவை என் காதின் பெருமை. உனக்கு இரண்டும் ஒன்றுதானே?

ஆகவே செய்ய வேண்டியவற்றை எல்லோரும் அறிய எழுதுகிறேன்.

மானேஜர் அந்தப் புஸ்தகத்தை எடுத்து, ஞானப்பூ என்ற பெயருக்கு நேரே உள்ள வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். அடித்ததற்குச் சாட்சியாகச் சாலமோன் அண்ணாச்சி கையெழுத்துப் போட வேண்டும், விரல் நடுங்குகிறது என்று சாக்குச் சொல்லக் கூடாது. அன்று மானேஜர் அறையில் நின்றிருந்தவர்களில் உயிரோடு இருக்கிற ஏழு பேரும் இதைத் தங்கள் வீட்டாருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். யார் யார் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அச்சாபீஸ் நிர்வாகத்தார் ஜோடியாக வாசிக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாசிக்கிறவரும் பார்க்கிறவரும் மணிக்கு ஒரு தடவை இடம் மாறிக்கொள்ள வேண்டும். மனதைத் தொடுகிற இடம் வந்து வாசிக்கிறவர் நின்றுவிட்டால், அவரைத் திட்டாமல், அந்தப் பக்கத்தை முதலிலிருந்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும். நாம் இருவரும் அன்று செய்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

கடைசியாக நான் செய்ய வேண்டியது. வருகிற திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது போகிறேன். கவனக்குறைவு என்று எழுதினாலும் சரி, தூக்கம் என்று எழுதினாலும் சரி, என் பெயருக்கு நேரே அவர்கள் எதை எழுதினாலும் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவேன். உன் பெயரை அடிக்கும் வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

"கேட்டியளா இல்லியா" என்று நீ கேட்டதற்கு ஏழு வருஷம் பிந்திப் பதில் சொல்கிறவன்: கேட்டேன் பிள்ள,

உன் கூடப்பிறந்த அண்ணன்,
மாசிலாமணி
பாளையங்கோட்டை